கிழங்குல ஒரு புழு, கேரட்டுல ஒரு புழு: கேத்தி தோட்டம் ஒண்ணுல செல் சுழற்சி தடம் மாறின கதை (நிகழ்வு ஆய்வு)

நிலம் நீலகிரியில கேத்தி பள்ளத்தாக்குல இருக்கு, சரிவை வெட்டி தட்டு தட்டா இறக்கினது, மொத்தம் ஒரு ஏக்கருக்கு கொஞ்சம் மேல வரும். மேல் தட்டுகள்ல வருஷக்கணக்கா உருளைக்கிழங்குதான், பெரும்பாலும் குஃப்ரி ஜோதி, கார்போகமும் கிழங்கு, கடைபோகமும் கிழங்குனு விடாம போட்டிருக்காங்க. கீழ ஓடைப்பக்கம் கேரட். கிழங்கு விளைச்சல் படிப்படியா இறங்கிட்டே வந்து, நடுநடுவுல திட்டு திட்டா செடி குட்டையாகி மஞ்சளாகி, வெயில் ஏறினா துவண்டு போய் சாயங்காலம் திரும்ப நிமிர ஆரம்பிச்சதும், தோட்டக்கார அண்ணன் ரெண்டு மேல் தட்டை கேரட்டுக்கு மாத்தினார். அந்த கேரட்டும் கவட்டை கவட்டையா பிரிஞ்சு, சல்லிவேர்ல எல்லாம் முடிச்சு முடிச்சா வந்துச்சு.

"அதே புழுதான் தம்பி, கிழங்கை விட்டுட்டு கேரட்டுக்கு தாவிடுச்சு."

"தாவ முடியாதுண்ணே, அது கேரட்டை தொடாது. இது வேற ஆளு."

நான் தாவரவியல் பாடம் எடுக்கிறவன், விவசாய அதிகாரி இல்ல. ஆனா இந்த தோட்டத்தை விளக்கமா எழுதணும்னு தோணினதுக்கு காரணம், செல் சுழற்சினு, அதாவது ஒரு செல் டிஎன்ஏவை நகலெடுத்து ரெண்டா பிரியற சுத்துனு, நாம வகுப்புல வட்டம் போட்டு ஜி1 (இடைவெளி), எஸ் (டிஎன்ஏ நகலெடுப்பு), ஜி2 (இன்னொரு இடைவெளி), எம் (பிரிவு)னு நாலு எழுத்தை எழுதி முடிச்சுடற விஷயத்தை, ரெண்டு வேற வேற புழு ரெண்டு வேற வேற இடத்துல கை வெச்சு மாத்தறதை ஒரே தட்டு மண்ணுல பாக்க முடிஞ்சது.

முதல்ல என்ன என்ன இல்லைனு பாத்தோம். இலையில அழுகல் புள்ளி இல்ல, அதனால பிந்திய கருகல் இல்ல. தண்டை வெட்டி டம்ளர் தண்ணில தொங்கவிட்டா பால் மாதிரி நூல் இறங்கல, அதனால பாக்டீரியா வாடல் இல்ல. மலை மண்ணு புளிப்பு மண்ணுதான், சுண்ணாம்பு குறைவு இருக்கலாம், ஆனா அதுக்கு தட்டு முழுக்க ஒரே மாதிரி மங்கணும், இப்படி வட்ட வட்டமா வராது. வட்டமா ஆரம்பிச்சு வருஷா வருஷம் உழுத திசையில இழுத்துட்டு போறது மண்ணுக்குள்ள இருக்கிற நூற்புழுவோட, நூல் மாதிரி இருக்கிற பொடிப்புழுவோட, வழக்கம்.

கேரட் போட்ட தட்டுலயே, போன போகத்துல தோண்டாம விட்ட கிழங்கு தானா முளைச்சு அங்கங்க நின்னுச்சு. இதுதான் எங்களுக்கு கிடைச்ச அதிர்ஷ்டம். ஒரே அடி மண்ணுல இருந்து ஒரு கிழங்கு செடி, ஒரு கேரட் செடி ரெண்டையும் மண்வெட்டியால மண்ணோட தூக்கி, இழுக்காம, பக்கெட் தண்ணில ஊறவெச்சு மண்ணு தானா கரையற மாதிரி விட்டோம். செடியை பிடுங்கி உதறினா பாக்க வேண்டியது எல்லாம் உதிர்ந்து போயிடும், இதை யாரும் சொல்றதில்ல.

கிழங்கு வேர்ல கடுகைவிட ரொம்ப சின்னதா, அரை மில்லிமீட்டர் இருக்கும், உருண்டை உருண்டையா ஒட்டிட்டு இருந்துச்சு. சிலது வெள்ளை, சிலது நல்ல பொன் மஞ்சள். லென்ஸ் வெச்சா ஒவ்வொண்ணுக்கும் கழுத்து தெரியுது, அந்த கழுத்து வேருக்குள்ள புதைஞ்சிருக்கு, உடம்பு மட்டும் வெளிய. இது பெண் புழு. செத்ததும் தோல் தடிச்சு பழுப்பு கூடாயிடும், உள்ள சில நூறு முட்டை, கிழங்கு வேர் பக்கத்துல வந்து அதோட கசிவு பட்டாதான் பெரும்பாலான முட்டை பொரியும், இல்லாட்டி வருஷக்கணக்கா, சில நிலத்துல இருபது வருஷத்துக்கு மேலயும், சும்மா கிடக்கும். பொன் மஞ்சள் கட்டத்தை தாண்டி பழுப்பாகிறது குளோபோடெரா ரோஸ்டோகியென்சிஸ், தங்க நூற்புழு. வெள்ளையாவே இருந்து நேரா பழுப்பாகிறது குளோபோடெரா பல்லிடா. நீலகிரியில ரெண்டும் உண்டு. இந்தியாவுல இந்த முட்டைக்கூடு நூற்புழுவை முதல்ல கண்டுபிடிச்சதே இங்கதான், 1961ல ஊட்டி விஜயநகரம் பண்ணையில, பார்த்தவர் ஜோன்ஸ்னு ஒரு ஆங்கிலேயர். 1971லயே இங்கிருந்து விதைக்கிழங்கு வெளிய போகக்கூடாதுனு அரசு தடை போட்டாச்சு.

கேரட் வேர்ல உருண்டை கிடையாது. வேரே வீங்கி முடிச்சாகி, அந்த முடிச்சுல இருந்து பக்கவாட்டுல சல்லிவேர் கொத்தா கிளம்புது. அது வேர்முடிச்சு நூற்புழு, மெலாய்டோகைன் ஹாப்லா, குளிர் பிரதேசத்துக்காரன், சமவெளி தக்காளில முடிச்சு போடற ஜாதி வேற.

ரெண்டு வேரையும் பிளீச்சுல கழுவி, அமில ஃபுக்சின் சாயத்துல கொதிக்க வெச்சு, கிளிசரின்ல போட்டா செடி திசு வெளிறி புழு மட்டும் ரோஸ் கலர்ல நிக்கும், இது எல்லா நூற்புழு லேப்லயும் பண்ற பழைய முறை. அதுக்கப்புறம் தனியா கொஞ்சம் வேரை பிளேடால குறுக்கா சீவி டொலுயிடின் நீலம் போட்டு பாத்தோம். கேரட் முடிச்சுக்குள்ள புழுவோட தலையை சுத்தி நாலஞ்சு ராட்சச செல், ஒவ்வொண்ணுக்குள்ளயும் நியூக்ளியஸ் கூட்டம் கூட்டமா. கிழங்கு வேர்ல அப்படி தனித்தனி ராட்சச செல் இல்ல, பக்கத்து பக்கத்து செல் சுவர் எல்லாம் அங்கங்க கரைஞ்சு ஒரே நீள அறையா இணைஞ்சிருக்கு, இதுக்கு சின்சிடியம்னு பேரு, அதுக்குள்ள இருக்கிற நியூக்ளியஸ் ஒவ்வொண்ணும் கோணல் மாணலா, பக்கத்துல இருக்கிற சாதாரண செல்லோட நியூக்ளியஸை விட பல மடங்கு பெருசு. நியூக்ளியஸ் பெருசா தெரியறதால டிஎன்ஏ இத்தனை மடங்குனு மைக்ராஸ்கோப் பாத்து சொல்ல முடியாது. ஆனா லேப்ல சோதனைக்குனு வளர்க்கிற அரபிடாப்சிஸ்னு ஒரு சின்ன செடியில கதிரியக்க தைமிடின் (டிஎன்ஏ கட்ட வேண்டிய ஒரு மூலப்பொருள்) கொடுத்து பாத்தவங்க ரெண்டு வகை இடத்துலயும் டிஎன்ஏ நகலெடுப்பு நடக்குதுனு காட்டியிருக்காங்க.

இங்கதான் பாடம் ஆரம்பிக்குது, கொஞ்சம் விரிவா போறேன்.

ஒரு உருளைக்கிழங்கு செல்லுல 48 குரோமோசோம். ஒரு செட்டுக்கு சுமார் 84 கோடி டிஎன்ஏ எழுத்து ஜோடி, நாலு செட் இருக்கிறதால ஒரு செல் ஒவ்வொரு தடவையும் சுமார் 336 கோடி ஜோடியை நகலெடுக்கணும். சராசரியா ஒரு குரோமோசோமுக்கு 7 கோடி. நிமிஷத்துக்கு 3,000 ஜோடினு தாராளமா வேகம் வெச்சு, நடுவுல ஒரே இடத்துல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் ஓடினாலும் முடிக்க எட்டு நாள் ஆகும். நிஜத்துல எஸ் கட்டம் சில மணி நேரத்துல முடியுது, ஏன்னா ஒரே குரோமோசோம்ல ஏகப்பட்ட இடத்துல ஒரே சமயம் ஆரம்பிக்குது. அதுலதான் சிக்கலும். ஆயிரக்கணக்கான தொடக்க இடம் இருக்கும்போது, ஒரு இடம்கூட ரெண்டாவது தடவை கிளம்பாம, அதே சமயம் எந்த பகுதியும் விட்டுப்போகாம எப்படி பாத்துக்கறது?

எஸ் கட்டம்னு ஒண்ணு தனியா இருக்குனு தெரிஞ்சதே ஒரு வேர்நுனியிலதான். 1953ல ஹவார்டும் பெல்க்கும் ஃபாபா பீன்ஸ் வேருக்கு கதிரியக்க பாஸ்பரஸ் கொடுத்து, செல் பிரியற நேரத்துல டிஎன்ஏ உருவாகல, அதுக்கு முன்னாடி ஒரு குறிப்பிட்ட நேரத்துல மட்டும் உருவாகுது, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்குனு காட்டினாங்க. அப்புறம் 1970ல இந்தியாவுல பிறந்த பொட்டு நரசிம்ம ராவும் ஜான்சனும் மனுஷ செல்களை ஜோடி ஜோடியா ஒட்டவெச்சு பாத்தாங்க. ஜி1 செல்லை எஸ் செல்லோட ஒட்டினா ஜி1 நியூக்ளியஸ் சீக்கிரமே நகலெடுக்க ஆரம்பிக்குது. ஏற்கனவே நகலெடுத்து முடிச்ச ஜி2 செல்லை எஸ் செல்லோட ஒட்டினா, சுத்தி எவ்வளவு தூண்டுதல் இருந்தாலும் அது அசையல. எனக்கு இந்த சோதனை ரொம்ப பிடிக்கும், கேள்வியும் பதிலும் அவ்வளவு சுத்தம். முடிச்சவன்கிட்ட ஏதோ ஒண்ணு இல்லாம போச்சு, இல்லாட்டி ஏதோ ஒண்ணு தடுக்குது. 1988ல பிளோவும் லாஸ்கியும் தவளை முட்டை சாறு வெச்சு, நகலெடுக்க ஒரு அனுமதி தேவை, ஒரு தடவை நகலெடுத்ததும் அது தீர்ந்து போகுது, அடுத்த பிரிவுக்கு அப்புறம்தான் புதுசா கிடைக்கும்னு ஒரு கருத்து வெச்சாங்க.

அந்த அனுமதி என்னனு இப்ப நல்லாவே தெரியும். ஓஆர்சினு ஒரு புரதக் கூட்டம் டிஎன்ஏல தொடக்க இடத்துல உக்காரும். சிடிசி6, சிடிடி1னு ரெண்டு உதவியாளர் சேர்ந்து எம்சிஎம்னு ஆறு துண்டு சேர்ந்த வளையத்தை டிஎன்ஏ மேல மாட்டும், ஒரு இடத்துக்கு எதிரும் புதிருமா ரெண்டு வளையம். மாட்டினாலும் அது தூங்கிட்டுதான் இருக்கும். எஸ் கட்டத்துல சிடிகே, டிடிகேனு ரெண்டு கைனேஸ் (மத்த புரதத்துல பாஸ்பேட்டை ஒட்டி அதோட வேலையை மாத்தற என்சைம்) வந்து எழுப்பினதும், இன்னும் சில புரதம் கூட சேர்ந்து, வளையம் டிஎன்ஏவை பிரிச்சுட்டே ரெண்டு திசையில ஓடும். ஓடிப்போயிட்டதால தொடக்க இடத்துல வளையம் இல்ல. திரும்ப மாட்டலாமேனா முடியாது, எழுப்பற அதே சிடிகேதான் மாட்டற வேலையை தடுக்குது. மாட்ட சிடிகே குறைவா இருக்கணும், கிளம்ப சிடிகே அதிகமா இருக்கணும். அன்னதானத்துக்கு டோக்கன் கொடுக்கிற கவுன்டரும் பந்தி நடக்கிற கூடமும் ஒரே நேரத்துல திறந்திருக்காதுனு வெச்சா யாராலயும் ரெண்டாவது தடவை சாப்பிட முடியாதுல்ல, அதே ஏற்பாடு. பிரிவு முடியற நேரத்துல ஏபிசினு ஒரு புரத இயந்திரம், சிடிகேயை இயக்கற சைக்ளின்ங்கற புரதங்களை எல்லாம் அழிக்கும், சிடிகே விழும், திரும்ப வளையம் மாட்டலாம். விலங்குகள்ல இன்னொரு காவலாளியும் உண்டு, ஜெமினின், அது சிடிடி1ஐ கட்டி வைக்கும். செடிகள்ல அதுக்கு நேர் இணை கிடையாது, அங்க சிடிடி1ஐ சிதைக்கிறதுதான் முக்கிய வழி.

இந்த ஏற்பாடு உடைஞ்சா என்ன ஆகும்னா, ஒரே எஸ் கட்டத்துக்குள்ள ஒரு இடம் ரெண்டு மூணு தடவை கிளம்பும், பின்னாடி வர்ற நகலெடுப்பு முனை முன்னாடி போற முனையை மோதும், டிஎன்ஏ உடையும், செல் அலாரம் அடிச்சு நின்னுடும் இல்லாட்டி சாகும். விலங்கு செல்கள்ல சிடிடி1 எகிறினாலோ ஜெமினின் இல்லாட்டியோ இதுதான் நடக்குது, புற்றுநோய்க்கும் இதுக்கும் தொடர்பு உண்டு. அதனாலதான் வேர்முடிச்சை செடியோட கேன்சர்னு எழுதறவங்களை பாத்தா எனக்கு எரிச்சல் வரும். முடிச்சுக்குள்ள அப்படி எதுவும் உடையல. புழு செத்தா ராட்சச செல்லும் கூடவே போயிடும். அங்க நடக்கிறது வேற.

செடிகளுக்கு எண்டோசைக்கிள்னு ஒரு பழக்கம் இருக்கு. எஸ் கட்டம் முடியும், எம் கட்டத்துக்கு போகாது, சிடிகே விழும், வளையம் மாட்டும், திரும்ப எஸ். நகலெடுப்புக்கான விதி ஒண்ணுகூட மீறப்படல, ஒவ்வொரு சுத்துலயும் ஒவ்வொரு இடமும் ஒரே தடவைதான் கிளம்புது, பிரியற கட்டம் மட்டும் கழட்டிவிடப்பட்டிருக்கு. டிஎன்ஏ ரெண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்குனு ஏறும். தக்காளி பழத்தோட சதைல சில செல்லுல ஒரு செட்டோட 256 மடங்கு வரைக்கும் போகுது. நம்ம ரத்தத் தட்டணுவை உதிர்க்கிற தாய் செல்லும் டிஎன்ஏவை பெருக்கும், ஆனா அது எம் கட்டத்துக்குள்ள போய் பாதியில திரும்பிடும். இதுக்கு செடியில முக்கியமான சுவிட்ச் சிசிஎஸ்52னு ஒரு புரதம், அது ஏபிசியை தூண்டி பிரிவுக்கு வேண்டிய சைக்ளினை முன்கூட்டியே அழிச்சுடும். இதை முதல்ல கண்டுபிடிச்சது மெடிகாகோனு குதிரைமசால் வகை செடியோட வேர்முண்டுல, ரைசோபியம்ங்கற, காத்துல இருக்கிற நைட்ரஜனை பிடிச்சு கொடுக்கிற பாக்டீரியா குடியிருக்கிற செல்கள் 64 மடங்கு வரைக்கும் ஏறும். நம்ம ஊட்டி பட்டாணி முண்டும் அதே குடும்ப வழக்கம்தான். நல்லது பண்ற பாக்டீரியாவும் கெட்டது பண்ற புழுவும் ஒரே கதவைத்தான் தட்டுது, இதை பாடம் நடத்தும்போது சொன்னா பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

இப்ப நம்ம ரெண்டு வேருக்கு வருவோம். கேரட்ல இருக்கிற ஹாப்லா, வேரோட நடுக்குழாய் பக்கத்துல சில செல்லை தேர்ந்தெடுக்கும். அந்த செல்லுல நகலெடுப்பும் நடக்கும், நியூக்ளியஸ் பிரியவும் செய்யும், ஆனா நடுவுல சுவர் மட்டும் எழும்பாது. அதனாலதான் கூட்டம் கூட்டமா நியூக்ளியஸ், ஒரு செல்லுல நூறுக்கு மேலகூட போகும். அதுக்கப்புறம் பிரிவும் நின்னு எண்டோசைக்கிள்ல ஏறும். சுத்தி இருக்கிற சாதாரண செல்கள் பிரிஞ்சு வீங்கறதுதான் வெளிய தெரியற முடிச்சு. கிழங்குல இருக்கிற குளோபோடெரா முதல்ல ஒரு செல்லை பிடிக்கும், அதோட சுவரை கரைச்சு பக்கத்து செல்லை சேர்க்கும், அதோட பக்கத்தை சேர்க்கும், அப்படி நூத்துக்கணக்குல. அந்த நியூக்ளியஸ் பிரியறதில்ல, உள்ள வந்ததும் எண்டோசைக்கிள்தான். ஒருத்தன் சுவர் எழும்பறதை நிறுத்தறான், இன்னொருத்தன் பிரிவையே தாண்டிடறான். ரெண்டு பேருக்கும் எஸ் கட்டம் இல்லாம வேலை நடக்காது.

இது சும்மா ஊகம் இல்ல. 1999ல ஜானிஸ் டி அல்மெய்டா எங்க்ளர் குழு அரபிடாப்சிஸ் வேருக்கு ஹைட்ராக்சியூரியா கொடுத்து பாத்தாங்க. டிஎன்ஏ எழுத்து தயாரிக்கிற ஒரு என்சைமை அது அடைச்சுடும், எழுத்து இல்லாம நகலெடுப்பு நிக்கும். நகலெடுப்பு நின்னதும் ரெண்டு வகை புழுவுக்கும் சாப்பாட்டு செல் வளரல. அதே குழு 2012ல சிசிஎஸ்52ஐ குறைச்சு பாத்தாங்க, நியூக்ளியஸ் பெருக்கல, புழு சரியா பெருகல. அதே சிசிஎஸ்52ஐ ஏத்திவிட்டு எண்டோசைக்கிளை அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் புழுவுக்கு ஆகல, இதுதான் எனக்கு சுவாரசியம், அதுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு பெருக்கம்தான் வேணும். எப்படி தூண்டுதுனா ஊசிவாய் வழியா சுரப்பி சாறை உள்ள விடுது, செடியோட சொந்த சமிக்ஞை பெப்டைடு (சின்ன புரதத் துண்டு) மாதிரியே போலி பெப்டைடும் அதுல இருக்கு. பீட்ரூட் முட்டைக்கூடு நூற்புழு, செல் பிரிவை தூண்டற சைட்டோகைனின்ங்கற செடி ஹார்மோனை தானே தயாரிச்சு செடி செல்லை சுழற்சிக்குள்ள இழுக்கறதா 2015ல காட்டியிருக்காங்க.

அண்ணன்கிட்ட இதை எல்லாம் இந்த பாஷையில சொல்லல. சொன்னது இவ்வளவுதான், புழு உள்ள போய் முதல் செல்லை பிடிச்சு, அந்த செல் டிஎன்ஏவை பெருக்க ஆரம்பிச்சுட்டா, புழு இருக்கிற இடத்தை விட்டு நகராது, செடி தானா ஊட்டிவிடும், அதுக்கப்புறம் பூக்கிற நேரத்துல மண்ணுல மருந்து ஊத்தறது வெறும் செலவு. அவர் அதைத்தான் ஒவ்வொரு போகமும் பண்ணிட்டு இருந்தார். செடி மஞ்சளானதை பாத்து, கடைக்காரர் சொன்னதை கேட்டு, குருணை வாங்கி தூவறது. தடுக்கணும்னா நடறதுக்கு முன்னாடி, இல்ல அந்த செல் ஆரம்பிக்கவே விடாத ரகம்.

எதிர்ப்பு ரகம் வேலை செய்யறதும் இதே இடத்துலதான். ஹெச்1 ஜீன் இருக்கிற கிழங்குல தங்க நூற்புழு உள்ள போகும், சின்சிடியமும் ஆரம்பிக்கும், ஆனா சுத்தி இருக்கிற செல்கள் செத்து அதை தனிமைப்படுத்திடும். சாப்பாடு கம்மி, அதனால பெண் புழு தேறாது, கொஞ்சத்துல பிழைக்கிற ஆண் புழுதான் வரும், முட்டைக்கூடு கிடையாது. ஹெச்1 பல்லிடாவை தடுக்காது. நம்ம தட்டுல பொன் மஞ்சளும் வெள்ளையும் ரெண்டும் கலந்திருக்கிறதால அது மட்டும் போதாது, ரெண்டுக்கும் தாங்கற குஃப்ரி சுவர்ணா மாதிரி ரகம்தான் கேக்கணும்.

பயிர் சுழற்சியிலதான் தலைவலி. கிழங்கு புழுவுக்கு உருளை, தக்காளி, கத்தரி குடும்பம் தவிர வேற எதுவும் ஆகாது, அதனால கேரட், முட்டைகோஸ், பீன்ஸ், பூண்டு எது போட்டாலும் அது பட்டினி. ஆனா ஹாப்லா கேரட்டையும் சாப்பிடும், பீன்ஸையும் சாப்பிடும், கிழங்கையும் சாப்பிடும். ரெண்டுக்கும் ஒரே சமயத்துல பட்டினி போடணும்னா புல் இனம் வேணும், ஹாப்லாவுக்கு தானியமும் புல்லும் ஆகாது. படுகர் பெரியவங்க ஒரு காலத்துல இதே மேட்டுல சாமையும் கொரலியும் கோதுமையும் போட்டவங்கதான்.

"சாமை வித்து எந்த காலத்துல கடனை கட்டறது தம்பி?"

நியாயமான கேள்வி. கடைசியில ரெண்டு மேல் தட்டுல தீவனத்துக்கு ஓட்ஸ், மாடு வெச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்க ஒத்துக்கிட்டார். ஓரத்துல செண்டுமல்லி. தானா முளைச்ச கிழங்கை எல்லாம் பூ வர்றதுக்கு முன்னாடியே வேரோட எடுத்தாச்சு, இந்த வேலையை அலட்சியமா விட்டா ஓட்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்ல, ஒரே ஒரு கிழங்கு செடி நின்னாலே அடுத்த தலைமுறை முட்டைக்கூடு ரெடி. கீழ் தட்டு கேரட் அப்படியே ஓடுது, வருமானம் அதுதான். ஆனா பவர் டில்லர் மேல் தட்டை முடிச்சு கழுவின அப்புறம்தான் கீழ இறங்கணும்னு ஒரு ஒப்பந்தம், முன்னாடி எல்லாம் மண்ணோடவே ஏறி இறங்கும்.

ஓட்ஸுக்கு அப்புறம் மேல் தட்டுல ஒரு பாத்தியில போட்ட கேரட்ல கவட்டை கண்ணுக்கு தெரிய குறைஞ்சிருக்கு, முடிச்சு இல்லாம போகல. கிழங்கு முட்டைக்கூடு பக்கம் அவ்வளவு சீக்கிரம் மாற்றம் எதிர்பாக்கவே கூடாது, காய்ஞ்ச மண்ணை தண்ணில கலக்கி மிதக்கவிட்டா பழுப்பு உருண்டை இன்னும் ஓரத்துல வந்து ஒட்டுது, நசுக்கினா உள்ள முட்டை. அண்ணனுக்கு ஜோதியை விட மனசில்ல, மேட்டுப்பாளையம் மண்டியில அதுக்குத்தான் கேக்கற ஆள் இருக்குங்கறார். அதனால வர்ற கார்போகத்துல ஒரே தட்டுல பாதி ஜோதி, பாதி சுவர்ணா, விதைக்கு சொல்லி வெச்சாச்சு. பூக்கிற சமயத்துல ரெண்டு பக்கமும் வேரை பக்கெட்ல ஊறவெச்சு உருண்டையை எண்ணிட்டு, சுவர்ணா வேர்ல வெள்ளை உருண்டை அதிகமா இருந்தா அடுத்த வருஷமும் ஓட்ஸ்தான்னு அவரே சொல்லிட்டார்.